யாரைப் பார்க்கணும்?

திண்ணை வைத்த வீடுகள் இருந்தவரை, புதிதாக ஊருக்குள் வருகிறவர் ஒரு கேள்வியைத் தாண்டாமல் போக முடியாது. “எந்த ஊரு தம்பி? யாரைப் பார்க்கணும்?” என்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பெரியவர் கேட்பார். பெயரைச் சொன்னால் வழி கிடைக்கும். உச்சிவெயிலாக இருந்தால் ஒரு சொம்பு மோரும் கிடைக்கும். பதிலில் தடுமாறினால், வந்தவர் தெருமுனை திரும்பும்வரை நாலு ஜோடிக் கண்கள் கூடவே போகும். அவ்வளவுதான் காவல். அதற்குச் சம்பளமும் கிடையாது, சீருடையும் கிடையாது.

2018 மே 9 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும். குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் அது. சென்னையிலிருந்து வந்தவர்களோடு மலேசியா உறவினர்களும் இருந்தார்கள். வழி விசாரிக்க இறங்கிய இடத்தில் நின்ற பிள்ளைகளுக்கு, கூட வந்த 65 வயது அம்மா சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் நடமாடுகிறது என்ற வாட்ஸ்அப் வதந்தியில் பயந்துகிடந்த ஊருக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. கார் கிளம்பிய பிறகும் விடவில்லை. செல்போனில் சேதி பறந்தது. ஆட்கள் திரண்டு காரை மறித்தார்கள். அந்த அம்மா அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அப்புறம் போலீஸ் வந்தது, கைதுகள் தொடர்ந்தன, ஆண்கள் தலைமறைவானார்கள், வீதி வெறிச்சோடியது. பிள்ளைகளைக் காப்பாற்றத் திரண்ட ஊரில், பிள்ளைகளோடு இருக்க அப்பன்மார் இல்லை.

அதே வாரத்தில் பழவேற்காட்டில் இன்னொருவர் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ராயின்பாடாவில், பிச்சை கேட்டு ஊர் ஊராகப் போகும் நாடோடிச் சமூகத்தவர் ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

அந்த ஆண்டு நாடெங்கும் சுற்றிய ஒரு வீடியோவை இன்னும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பைக்கில் வரும் இருவர், தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது எடுக்கப்பட்டது பாகிஸ்தானின் கராச்சியில்; அதுவும் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப்படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிடுவார்கள். குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று பதாகை காட்டுவார்கள். அந்தக் கடைசிச் சில நொடிகளை யாரோ வெட்டி எறிந்தார்கள். விழிப்பூட்ட எடுத்த படமே வெறியூட்டும் படமானது. ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு போட்டது அந்த ஜூலையில்தான்.

அப்படியென்றால் தெருவில் நிற்கிறவருக்குச் சட்டம் என்ன அதிகாரம் தந்திருக்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆவது பிரிவு, பொதுமக்களும் ஒருவரைப் பிடிக்கலாம் என்கிறது. நிபந்தனைகள் கறாரானவை. குற்றம் பிடிப்பவரின் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். அது ஜாமீன் உரிமை இல்லாத குற்றமாகவும், வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றமாகவும் இருக்க வேண்டும். இதற்கு வெளியே, நீதிமன்றம் பிரகடனப்படுத்திய குற்றவாளியை மட்டும் பிடிக்கலாம். பிடித்தவரை வீண் தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

இரவு இரண்டு மணிக்கு வாசலில் நிற்கும் பைக்கின் பூட்டை ஒருவன் உடைத்து ஓட்டிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தால், ஓடிப்போய்ப் பிடிக்கலாம். “நேத்தும் இவன் இந்தப் பக்கம் சுத்திக்கிட்டிருந்தான்” என்பதற்காகப் பிடிக்க முடியாது. தோப்பில் நாலு தேங்காய் பறித்தவன் கதை இன்னும் சுவாரசியம். புதுச் சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டுக்கு, வாரண்ட் இல்லாமல் போலீஸே கைது செய்ய முடியாது. தோப்புக்காரர் தேங்காயைப் பறிகொடுக்காமல் தடுக்கலாம், தேவையான அளவுக்குத் தள்ளலாம், பிடுங்கலாம். ஆளைக் கட்டிப்போட இந்தப் பிரிவு கைகொடுக்காது.

கரண்ட் கம்பத்தில் கட்டிவைத்து உதைப்பது நம் ஊர்களில் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. அதைச் செல்போனில் படமெடுத்துப் போடுவதில் பெருமை வேறு. சட்டத்தின் கண்ணில் அது சட்டவிரோதமாக அடைத்துவைத்தல், காயப்படுத்துதல். ஆள் இறந்துபோனால் கொலை. ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே நோக்கத்தோடு கூடிவிட்டால், ஓங்கி அடித்தவருக்கு உள்ள பொறுப்பு கூட்டத்தில் சேர்ந்து நின்றவருக்கும் உண்டு. பெருமைக்கு எடுத்த வீடியோவே முதல் சாட்சி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தெருவின் சந்தேகம் எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. கோட்டு போட்டுக்கொண்டு சீட்டு பிடிக்க வருகிறவரை நாற்காலி போட்டு உட்காரவைக்கிற தெரு, பழைய பேப்பர்காரரை, வடமாநிலத் தொழிலாளியை, திருநங்கையை, மனநலம் குன்றி அலைகிறவரை நிறுத்தி விசாரிக்கிறது. இது நேற்று முளைத்த பழக்கமும் இல்லை. பிறந்த சாதியை வைத்தே ஒருவரைக் குற்றவாளியாக்கும் குற்றப் பரம்பரைச் சட்டத்தை வெள்ளைக்கார அரசு 1871இல் கொண்டுவந்தது. 1911 வாக்கில் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சுதந்திரத்தை ஒட்டி அந்தச் சட்டம் போனது. அந்தப் பார்வை மட்டும் சில தெருக்களில் இன்னும் குடியிருக்கிறது.

போலீஸும் பொதுமக்களும் சேர்ந்து காவல் காக்கும் யோசனை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1993இல் ராமநாதபுரம் மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் ‘பிரண்ட்ஸ் ஆப் போலீஸ்’ அமைப்பைத் தொடங்கினார். ரோந்துக்குத் துணை, திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, தகவல் சொல்வது என்று நல்ல காரியங்கள் நடந்தன. அமைப்பு மாநிலம் முழுக்கப் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் சித்திரவதையில் உயிரிழந்தபோது, அந்தச் சம்பவத்தில் தன்னார்வலர்களுக்கும் பங்கிருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பு மறுத்தது. பின்னர் சி.பி.ஐ. குற்றம்சாட்டியது காவலர்களைத்தான். ஆனாலும் அந்த ஜூலையிலேயே அமைப்புக்கு மாநில அரசு தடை போட்டுவிட்டது. தொப்பி இல்லாதவருக்குத் தொப்பியின் அதிகாரம் எதுவரை என்பதை எழுதிவைக்காத ஏற்பாடு, ஒரு நெருக்கடியைக்கூடத் தாங்கவில்லை.

கேரளத்தில் 2008இல் 20 காவல் நிலையங்களில் தொடங்கிய ஜனமைத்ரி திட்டத்தில் பொறுப்பு சீருடைக்காரரிடமே இருந்தது. பீட் போலீஸ்காரர் தன் பகுதியின் வீடுகளுக்கு நேரில் போய் அறிமுகமாக வேண்டும்; குடியிருப்போர் கமிட்டியில் உட்கார்ந்து குறை சொல்வார்கள். தமிழ்நாட்டிலும் ரோந்து வருகிற காவலர் கோயிலிலோ வங்கி வாசலிலோ தொங்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. தெருவில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள்? ஒரு வாரமாகக் கையெழுத்து இல்லையென்றால், இன்ஸ்பெக்டரிடம் கேட்பதற்கு அதைவிட நல்ல கேள்வி கிடையாது. வெளியூர் போகும்போது பூட்டிய வீட்டு விவரத்தை நிலையத்தில் எழுதிக்கொடுத்தால், ரோந்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். அதைச் செய்யாமல் ஊட்டிப் படங்களை ஸ்டேட்டஸில் போடுகிறவர்கள், வீடு காலி என்று ஊருக்கே தண்டோரா போடுகிறார்கள்.

காசு வசூலித்துத் தெருவில் கேமரா மாட்டும் சங்கங்கள் ஒன்றை மறந்துவிடுகின்றன. பதிவு நாள்கணக்கில்தான் நிற்கும். பிறகு பழையதன் மேல் புதியது ஏறிவிடும். பதிவுக் கருவியின் கடிகாரம் அரைமணி நேரம் தப்பாக ஓடுவதும் சகஜம். திருட்டு நடந்து இருபது நாள் கழித்துப் பதிவைத் தேடினால் வெறும் கையோடு வர வேண்டியதுதான். பதிவு நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால், பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழும் கூடவே போக வேண்டும். கேமராவின் முகம் தெருவைப் பார்க்கட்டும். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தால் அதுவே ஒரு வழக்காகலாம்.

குற்றம் நடந்துவிட்டால் 112. பணம் ஆன்லைனில் பறிபோனால் 1930, அதுவும் உடனே. குழந்தை என்றால் 1098, பெண்களுக்கு 181. புகாரில்தான் சூட்சுமம் இருக்கிறது. நிலையத்தில் மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள்; அதை வாங்கியதும் கேஸ் போட்டாயிற்று என்று நிம்மதியாக வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். அது மனு வந்ததற்கான ரசீது மட்டுமே. முதல் தகவல் அறிக்கை வேறு. அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். “அது எங்க லிமிட் இல்லை” என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது; பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி எந்த நிலையத்திலும் பதியலாம். மின்னஞ்சல் போன்ற வழியில் புகார் அனுப்பினால், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் இருக்கிறார்.

இவ்வளவும் திருடனைப் பற்றி. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி, தடுப்பு வைக்காமல் விட்டுப்போன பள்ளம், மூடி இல்லாத மேன்ஹோல், எரியாத தெருவிளக்கு, கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும் மின்கம்பி ஆகியவற்றை எந்த வாட்ஸ்அப் குழுவும் துரத்துவதில்லை. அந்நியரைப் பார்த்து “யாரைப் பார்க்கணும்?” என்று அதட்டுகிற தெரு, அலுவலக வாசலில் அதே கேள்வி தன்னிடம் வந்ததும் திகைத்து நின்றுவிடுகிறது.

மத்தியப் பிரதேசத்தின் ரத்லாமில் ஒரு வார்டு மக்கள் அப்படித் திகைத்து நிற்கவில்லை. திறந்த சாக்கடை, கழிப்பறை வசதியில்லாத குடிசைகளிலிருந்து வந்த அசுத்தம், சாராய ஆலையின் நாற்றமெடுத்த கழிவுநீர் என்று நகராட்சியிடம் முறையிட்டு அலுத்தவர்கள், பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். நகராட்சி சொன்ன பதில்களில் ஒன்று ரசிக்கத்தக்கது: அந்த இடம் அசுத்தமானது என்று தெரிந்தேதானே அங்கே குடிவந்தார்கள்! இன்னொன்று, கஜானாவில் காசில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980 ஜூலையில் தீர்ப்பெழுதிய வி.ஆர். கிருஷ்ணய்யர் இரண்டையும் ஏற்கவில்லை. காசில்லை என்று சொல்லி நகராட்சி அடிப்படைக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றார். ஆலைக் கழிவை நிறுத்தவும், பொதுக் கழிப்பறைகள் கட்டவும், சாக்கடையைச் சரிசெய்யவும் உத்தரவானது.

அந்த 133தான் இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு. பாதையை மறிக்கும் ஆக்கிரமிப்பு, விழப்போகும் மரம், இடிந்து நிற்கும் கட்டடம், உடல்நலத்தைக் கெடுக்கும் தொழில், பாதையோரத்தில் வேலியில்லாத கிணறு, பள்ளம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். வருவாய்க் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம். வக்கீல் வைத்துத்தான் போக வேண்டும் என்பதில்லை.

அதற்கு முன் சின்ன வழிகளைத் தட்டிப் பார்ப்பது நல்லது. சென்னை மாநகராட்சிக்கு 1913, மின்சாரத்துக்கு மின்னகத்தின் 94987 94987. புகார் எண்ணைக் குறித்து வைத்தால்தான் அடுத்த படிக்கு அது உதவும். கிராமத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். நகரங்களில் வார்டு கமிட்டி, பகுதி சபை என்ற ஏற்பாடு 2022இல் உயிர்பெற்றது. அந்த நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபையில் முதல்வர் மு.க. ஸ்டாலினே கலந்துகொண்டார். கவுன்சிலரை அவர் வீட்டு வாசலில் தனியாகப் பார்த்துக் கெஞ்சுவதற்கும், பகுதி சபையில் இருபது பேர் முன்னால் கேட்டு நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றவைப்பதற்கும் நிறைய தூரம்.

கேள்வியின் பதம் முக்கியம். “ஏன் விளக்கு எரியவில்லை?” என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் மழுப்பலான பதில் வரும். இந்தத் தெருவில் எத்தனை கம்பங்கள், பராமரிப்பு ஒப்பந்தக்காரர் யார், கடைசிப் பட்டியல் எந்தத் தேதியில் எவ்வளவுக்குப் போடப்பட்டது, அதற்கான எம்-புக் (அளவீட்டுப் புத்தகம்) பக்கத்தின் நகல் என்று கேட்டால், பேச்சே மாறிவிடும். கட்டணம் பத்து ரூபாய், அவகாசம் 30 நாள்; உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். வேண்டுமென்றே இழுத்தடிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் போடத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

மனுவில் தெருப்பெயர், பக்கத்துக் கதவு எண், பள்ளத்தின் நீளம், ஆழம், எந்தத் தேதியிலிருந்து அப்படிக் கிடக்கிறது, முன்பு கொடுத்த புகார் எண் ஆகியவை இருந்தால் போதும்; “சமூகம் கருதி” என்று ஆரம்பிக்கும் அரைப்பக்கம் தேவையில்லை. படத்தில் தேதி தெரியட்டும், பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் நின்றால் அளவும் தெரியும். இரண்டு நகல். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் உதவியாளர் நிமிர்ந்து பார்த்து, “யாரைப் பார்க்கணும்?” என்பார். தபால் பிரிவு என்று சொல்லி உள்ளே போகலாம். ஒரு நகலைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு ‘பெறப்பட்டது’ முத்திரை விழும்வரை மேசையை விட்டு நகரக்கூடாது.