ஒரே ஒரு வரி கமாண்ட்... மாயமான உட்டி! 'டாய் ஸ்டோரி 2' பிழைத்த கதை

1998-ம் ஆண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள பிக்ஸார் ஸ்டூடியோவில் 'டாய் ஸ்டோரி 2' அனிமேஷன் படத்தின் வேலைகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன. அசோசியேட் டெக்னிக்கல் டைரக்டர் ஓரன் ஜேக்கப், கௌபாய் பொம்மை உட்டியின் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென ஃபைல்கள் குறைந்தன. மறுபடி பார்த்தார், இன்னும் குறைந்திருந்தன. அடுத்த முறை பார்த்தபோது உட்டியே இல்லை!

அலறியடித்து சிஸ்டம்ஸ் பிரிவுக்கு போன் போட்டார்கள். மெஷினின் இணைப்பைப் பிடுங்கச் சொன்னார்கள். அதற்குள் படத்தின் 90 சதவிகிதம் அழிந்துவிட்டிருந்தது.

வைரஸும் இல்லை, ஹேக்கரும் இல்லை. யாரோ ஒருவர் தவறான இடத்தில் நின்றுகொண்டு ஒரு கமாண்டை டைப் செய்துவிட்டார். 'ஆர்எம் -ஆர் -எஃப்', கூடவே ஒரு நட்சத்திரக் குறி. அவ்வளவுதான்.

இத்தனை சின்ன வரி, ஒரு முழுப் படத்தை எப்படி விழுங்கியது?

பாட்டி வீட்டு மரப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்தால் சில துணிகள், ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் ஒரு சுருக்குப்பை. பைக்குள் பழைய காசுகள். எல்லாவற்றையும் வெளியே எடுக்க பேரனிடம் நீளமாக விளக்க வேண்டியதில்லை. "பெட்டியைத் திற. பொருள் இருந்தால் எடு. உள்ளே இன்னொரு பெட்டி இருந்தால், அதற்கும் இதையே செய்" என்றால் போதும். பத்து பெட்டியோ பத்தாயிரம் பெட்டியோ, விதி ஒன்றுதான். ஆனால், உள்ளே போன பேரன் வெளியே எந்தப் பெட்டியைப் பாதியில் விட்டு வந்தோம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கம்ப்யூட்டர் அதை வரிசையாகக் குறித்து வைத்துக்கொள்ளும்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போக புரோகிராம் செய்வதும் இதேதான். ஒரு வேலையைச் செய்யும்போது நடுவில் தன்னையே மறுபடி அழைத்துக்கொள்ளும். இதற்கு 'ரிகர்ஷன்' என்று பெயர். அந்த கமாண்டில் இருந்த 'ஆர்' இதைத்தான் குறிக்கிறது. 'எஃப்' என்றால், எதையும் கேட்காமல் செய் என்று அர்த்தம். நட்சத்திரக் குறி, இங்கே இருக்கும் எல்லாவற்றையும் என்று சொல்கிறது. 'ஆர்எம்' என்பது அழிப்பது. குப்பைத்தொட்டியில் போட்டு வைக்கும் தயவெல்லாம் இதற்குக் கிடையாது!

ஒரு ஃபோல்டர் மொத்தம் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று கணக்கிடுவதற்கும், ஆன்டிவைரஸ் ஃபைல்களைச் சோதிப்பதற்கும் ஃபோல்டர் ஃபோல்டராக இப்படித்தான் நுழைந்து வர வேண்டும். நடை ஒன்றுதான். ஒவ்வொரு ஃபைலிடமும் போய் 'எண்ணு' என்கிறோமா, 'அழி' என்கிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சரி, பேக்கப் இருக்குமே? பிக்ஸாரிலும் அப்படித்தான் நம்பினார்கள். எடுத்துப் பார்த்தால், பேக்கப் சில காலமாகவே சரியாக வேலை செய்திருக்கவில்லை. மிச்சமிருந்தவர்களுக்கும் அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

அந்த நேரத்தில் சூப்பர்வைசிங் டெக்னிக்கல் டைரக்டர் கேலின் சஸ்மனுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. குழந்தை பிறந்திருந்ததால் அவர் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வொர்க் ஃப்ரம் ஹோம் என்ற வார்த்தையே பலருக்குத் தெரியாத காலம்! அதற்காக அவர் வீட்டு கம்ப்யூட்டரில் படத்தின் ஒரு பிரதி இருந்தது.

ஜேக்கப்பும் சஸ்மனும் காரில் பறந்தார்கள். திரும்பும்போது மட்டும் பறக்கவில்லை. கம்ப்யூட்டரைப் போர்வைகளால் சுற்றி, பின்சீட்டில் வைத்து, சீட் பெல்ட் போட்டு, கைக்குழந்தையைக் கொண்டு வருவதுபோல மெதுவாக ஓட்டி வந்தார்கள். பிறகு அந்தப் பிரதியையும் ஸ்டூடியோவில் எஞ்சியிருந்ததையும் ஒப்பிட்டு, இரவு பகலாக ஃபைல் ஃபைலாகச் சரிபார்த்து படத்தை மீட்டார்கள்.

இத்தனை பாடுபட்டு மீட்ட படத்தின் கதை பிடிக்கவில்லை என்று, பின்னர் பெரும்பகுதியை பிக்ஸாரே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுத்தது தனிக்கதை. 1999 நவம்பரில் ரிலீஸாகி படம் சூப்பர் ஹிட்!

அந்த கமாண்டை டைப் செய்தவர் யார்? பிக்ஸார் நிர்வாகம் தேடிப் பிடித்து தண்டிக்கவில்லை. அவருடைய பெயர் இன்றுவரை வெளியே வரவும் இல்லை.