கால்வாய்க் கரையில் ஒரு கவிஞர்

முதல் உலக யுத்தம் முடிந்த கதையை ஒரு ரயில்வேக்காரன் சொன்னால், ரயில் பெட்டியிலிருந்துதான் ஆரம்பிப்பான். 1918 நவம்பர் 11, விடியற்காலை ஐந்து மணி சுமாருக்கு, பிரான்சில் காம்பியேன் காட்டுக்குள் நின்றிருந்த 2419 எண்ணுள்ள பெட்டியில் போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. சாப்பாட்டுப் பெட்டியாகக் கட்டப்பட்டு, தளபதி ஃபோஷுக்கு ஆபீசாக மாற்றப்பட்ட பெட்டி அது. 1940இல் ஹிட்லர் பிரான்சை அதே பெட்டியில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினார் என்பது வேறு கதை.

நான் சொல்ல வந்தது அதற்கு ஏழு நாள் முந்திய விஷயம். வில்ஃபிரட் ஓவன் என்ற ஆங்கிலக் கவிஞர், தகப்பனார் ரயில்வே உத்தியோகஸ்தர் (நம்ம ஆள்!). 1917இல் போர்முனையில் மனம் கலங்கி எடின்பரோவில் சிகிச்சை பெற்றார். அங்கே கவிஞர் சசூனின் நட்பு கிடைத்தது. யுத்தத்தின் புகழைப் பாடாமல் அதன் அவலத்தை எழுதினார். 1918இல் மறுபடி போர்முனைக்குப் போனார்.

நவம்பர் 4 அதிகாலை. ஓர்ஸ் என்ற கிராமத்தருகே கால்வாயைக் கடக்கவேண்டும். எதிர்க்கரையில் ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கிகள். தக்கை மிதவைகளைக் கோத்து நடைபாலம் போடுவது பொறியாளர் படையின் வேலை. ஆற்றுப்பாலத்துக்கு ஒரு கர்டரை ஏற்றவே நாங்கள் நாள் பார்த்து, லைன் பிளாக் வாங்கி, பத்து முறை அளந்து பார்ப்போம். அவர்களோ குண்டுமழையில் நின்று மிதவைகளை இணைத்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் விழுந்த பிறகும் மேஜர் வாட்டர்ஸும், ஆர்ச்சிபால்ட் என்ற சாதாரணச் சிப்பாயும் வேலையை நிறுத்தவில்லை. இருவரும் பிழைத்து, விக்டோரியா கிராஸ் பெற்றார்கள். பாலத்தில் சிலர் கடப்பதற்குள் அது உடைந்துபோயிற்று. தன் ஆட்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்த ஓவன் அங்கேயே மாண்டார். வயது 25.

ஷ்ரூஸ்பரியில் யுத்தம் முடிந்ததென்று மாதாகோவில் மணிகள் முழங்கிக்கொண்டிருந்த அதே நவம்பர் 11 அன்றுதான் பெற்றோருக்குத் தந்தி வந்தது.

உயிரோடிருந்தபோது அச்சேறிய அவர் கவிதைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். புத்தகம் வந்தது 1920இல். அதே வருஷம் அவர் தாயார் நம் தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார். கடைசியாக விடைபெற்றபோது மகன் தன்னிடம் சொன்னது கீதாஞ்சலி வரிகளைத்தான் என்றும், திரும்பிவந்த அவனது குறிப்புப் புத்தகத்தில் அதே வரிகளை அவன் கையெழுத்தில், கீழே தாகூரின் பெயரோடு கண்டதாகவும் அதில் இருந்தது. அந்தக் கவிதை முழுவதும் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும் என்று கேட்டிருந்தார் அந்தத் தாயார்.