கேள்வியும் நடத்தையும்: தீவுகளில் மாதிரி ஆய்வு

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள் தொகை, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 3,80,581 ஆகும். சிறிய யூனியன் பிரதேசமாதலால் மாதிரி ஆய்வுக்குத் தெரிந்தெடுக்கப்படும் குடும்பங்களும் சிலவே. சென்றடைதற்கரிய ஊர்கள் ஆய்வு வரம்பிலிருந்து நீக்கப்படுவதும் உண்டு. எஞ்சிய சில குடும்பங்கள் தரும் விடைகளே தீவுகளின் மதிப்பீடுகளாகின்றன. எனவே, கேட்கப்படுவதனாலேயே மக்களின் நடத்தை மாறுமா என்னும் வினா இங்குப் புறக்கணிக்கத்தக்கதன்று.

2017இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் ஆய்வில் நகர்ப்புறக் குடும்பங்கள் நான்கு முறை சந்திக்கப்பட்டன. 2025 ஜனவரி முதல், நகரமாயினும் ஊரகமாயினும், ஒரே குடும்பத்தைத் தொடர்ந்து நான்கு மாதங்கள் சந்திக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. வேலை தேடினாரா என்று மாதந்தோறும் கேட்கப்படும் ஒருவர், உண்மையிலேயே தேட முற்படலாம். அல்லது, "ஆம்" என்றால் மேலும் பல கேள்விகள் தொடரும் எனக் கண்டுகொண்டு "இல்லை" என்று முடித்துவிடலாம். முன்னது நடத்தை மாற்றம். பின்னது விடை மாற்றம் மட்டுமே. படிவத்தைப் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. அமெரிக்கத் தொழிலாளர் ஆய்வில், முதல் மாதத்து விடைகளும் பின்னைய மாதங்களின் விடைகளும் வேறுபடுவதை பார்பரா பைலர் 1975இலேயே எடுத்துக்காட்டினார்.

நடத்தையே மாறுகிறது என்பதற்குச் சான்று 2011இல் வெளிவந்த ஆய்வொன்றில் உள்ளது. கென்யாவில், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறித்துச் சில குடும்பங்களிடம் இரு வாரங்களுக்கொரு முறையும், வேறு சிலவற்றிடம் ஆறு மாதங்களுக்கொரு முறையும் கேட்டனர். அடிக்கடி கேட்கப்பட்டோர் குடிநீரில் குளோரின் கலப்பது மிகுந்தது. அவர்கள் தெரிவித்த வயிற்றுப்போக்கு குறைந்தது. இதனால் நீரூற்றுகளைச் சீர்செய்ததன் பயனைப் பற்றிய மதிப்பீடே பிறழ்ந்தது. ஆனால் சிறுகடன் பற்றிய இரு சோதனைகளில் இத்தகைய விளைவு காணப்படவில்லை. கடன் வேண்டுவோர்க்கு அதை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை போலும்! பயனுள்ளதாயினும் எளிதில் மறக்கப்படும் செயல்களிலேயே கேள்வி நினைவூட்டலாகிறது எனக் கருதலாம்.

நிக்கோபார் அனுபவம் இதற்குச் சற்று வேறானது. அங்குத் தென்னந்தோப்பும் பன்றிகளும் 'துஹெத்' எனும் கூட்டுக்குடும்பத்தின் பொதுவுடைமை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இழப்பீடு தனிக்குடும்ப அடிப்படையில் வழங்கப்பட்டது. கூட்டுக்குடும்பங்கள் பிளவுறத் தொடங்கியதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். பிரித்தது கேள்வியன்று, பணமே என்பது சரியே. எனினும், "குடும்பத் தலைவர் யார்?" என்னும் கட்டத்தை நிரப்பும் அலுவலர், யாரைக் குடும்பம் எனக் கொள்வது என்பதையும் அங்கே தீர்மானித்துவிடுகிறார்.

சுழற்சி முறையில் புதிய குடும்பங்கள் தொடர்ந்து சேர்வதால், முதற் சந்திப்பின் விடைகளை நான்காம் சந்திப்பின் விடைகளோடு ஒரே மாதத்தில் ஒப்பிட இயலும். தீவுகளின் மாதிரி இதற்குப் போதாது. இவ்வொப்பீட்டைப் பெரிய மாநிலங்களில் செய்து, அதன் முடிவைத் தீவுகளின் மதிப்பீடுகளைப் படிக்கும்போது கருத்திற்கொள்வதே இயலக்கூடியது.