கட்சி ரெண்டானா சின்னம் யாருக்கு? மாம்பழச் சண்டையில் தெரிஞ்சுக்க வேண்டியது!

மரக்காணம்,

அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் என்று 2025-ல் பா.ம.க. பிளந்தபோது, மரக்காணம் உப்பளப் பகுதி ஓட்டர்களுக்கு எழுந்த கேள்வி ஒன்றுதான். மாம்பழம் யாருக்கு?

சண்டை வெடித்ததும் நம்ம மாவட்டத்தில்தான். 2024 டிசம்பர் 28-ந்தேதி புதுச்சேரி அருகே பட்டானூரில் நடந்த பொதுக்குழுவில், பேரன் முகுந்தனை இளைஞர் அணி தலைவராக டாக்டர் ராமதாஸ் அறிவித்தார். மேடையிலேயே எதிர்த்தார் அன்புமணி. 2025 ஏப்ரலில், இனி தானே தலைவர் என்று ராமதாஸ் அறிவித்தார். ஆகஸ்டு 9-ந்தேதி மாமல்லபுரத்தில் அன்புமணி பொதுக்குழு. 17-ந்தேதி பட்டானூரில் ராமதாஸ் பொதுக்குழு. செப்டம்பர் 11-ந்தேதி மகனையே கட்சியை விட்டு நீக்கினார் அப்பா.

கட்சி ஆரம்பிச்சவருக்குத்தானே சின்னம்? அதுதான் இல்லை. 1968-ம் ஆண்டு சின்னங்கள் உத்தரவின் 15-வது பிரிவுப்படி, எம்.பி., எம்.எல்.ஏ.க்களும் நிர்வாகிகளும் யார் பக்கம் அதிகம் என்று தேர்தல் கமிஷன் தலையை எண்ணிப் பார்க்கும். அதுவரை சின்னம் முடங்கலாம்.

எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு அதுதான் நடந்தது. 1989 தேர்தலில் இரட்டை இலை முடங்கி, ஜெயலலிதா அணிக்கு சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. ஓட்டு பிரிந்து தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. ரெண்டு அணியும் சேர்ந்த பிறகே இலை திரும்பியது.

பா.ம.க. விவகாரம் வேற மாதிரி. 15-வது பிரிவு அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு மட்டுமே. பா.ம.க.வோ அங்கீகாரம் இழந்து, பதிவு மட்டும் உள்ள கட்சியாக இருந்தது. அதனால் ராமதாஸ் தரப்பு தொடர்ந்த வழக்கில், சிவில் கோர்ட்டுக்குப் போகும்படி 2025 டிசம்பரில் டெல்லி ஐகோர்ட்டு சொல்லிவிட்டது.

சர்ச்சிலும் இதே கதைதான். அங்கே சண்டை சின்னத்துக்கு அல்ல, கோவில் சாவிக்கு! கேரளாவில் மலங்கரை சபையின் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா பிரிவுகள் பல்லாண்டு மோதின. 1934-ம் ஆண்டு சபை சட்டப்படிதான் நிர்வாகம் என்று 2017 ஜூலை 3-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

கட்சியோ, சபையோ, உடைஞ்சா பேசுவது விதிப்புத்தகமும் கையெழுத்தும்தான். கூட்டம் சேர்ப்பதும், பழைய தியாகமும் கோர்ட்டில் எடுபடுவது கஷ்டம்.

ஓட்டர்களே, பழக்கத்துல சின்னத்தை மட்டும் பார்த்து பட்டனை அமுக்காதீங்க. பக்கத்திலேயே வேட்பாளர் பெயரும் போட்டோவும் இருக்கு. ஒரு நிமிஷம் பார்த்துட்டு அமுக்குங்க!