தோல்வாரிலிருந்து திருகாணிக்கு: காவிரிப் படுகையில் தவிலின் கட்டமைப்பு மாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

பெரிய மேளத்தின் தாளக் கருவியாகிய தவில், கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் தன் கட்டமைப்பில் பெரும் மாற்றம் ஒன்றைக் கண்டது. தோல்வாரால் இறுக்கப்பட்ட கருவி, இரும்பு வளையத்தாலும் திருகாணியாலும் இறுக்கப்படும் கருவியாயிற்று. ஆயினும் கட்டையும் தோலும் கழியும் விரற்கூடும் பெரும்பாலும் பழைய நிலையிலேயே தொடர்கின்றன. எது மாறியது, எது மாறவில்லை, அவ்வாறு நிகழ்ந்தமைக்குக் காரணம் யாது என்பனவற்றைப் பூம்புகார் வட்டாரத்தை மையமாகக் கொண்டு, மேலை நாட்டு முழவுத் தொகுதியின் வளர்ச்சியோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தவில், பெரிய மேளம், வலந்தலை, தொப்பி, விரற்கூடு, பூம்புகார், கருவியியல்

முன்னுரை

இசைக்கலைஞரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவர்தம் குருமரபு, வாசிப்பு முறை, பெற்ற சிறப்புகள் ஆகியவற்றைப் பேசுகின்றன. அவர் கையாண்ட கருவி, அவரது தொழில் வாழ்நாளுக்குள் எவ்வாறு மாறியது என்பது அரிதாகவே ஆராயப்படுகிறது. ஒரு தவில் கலைஞர் பத்து வயதில் பயிற்சி தொடங்கி அறுபது வயது வரை வாசிப்பாராயின், அந்த ஐம்பது ஆண்டுகளில் அவர் தோளில் தொங்கிய கருவி ஒன்றே அன்று. இளமையில் வார்த்தவிலில் பழகி, முதுமையில் திருகாணித் தவிலில் வாசித்த தலைமுறை நம் காலத்தது. அத்தலைமுறையின் கையறிவே இவ்வாய்வின் பொருளாகும்.

பூம்புகாரும் முழவு மரபும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியின் அரங்கேற்றத்தைக் கூறுமிடத்துத் தண்ணுமை ஆசிரியனின் இலக்கணத்தைத் தனியே வகுத்துரைக்கிறது. குழலைப் பின்பற்றி யாழும், யாழைப் பின்பற்றித் தண்ணுமையும், தண்ணுமையைப் பின்பற்றி முழவும் இயைந்தமையை அக்காதையில் காணலாம். இப்பகுதிக்கு உரை வரைந்த அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளின் நீண்ட பட்டியல் ஒன்றைத் தந்து, அவற்றை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு முதலிய வகைகளாகப் பகுக்கிறார்.

அப்பட்டியலில் தடாரி என்னும் கருவிக்கு முன் 'தாவில்' என்னும் சொல் வருகிறது. இதனைத் தவிலின் பழைய வடிவமாகக் கொள்வது பொருந்தாது. தா என்பது குற்றம். தாவில் என்பது குற்றமற்ற எனப் பொருள்படும் அடைமொழி. அதே பட்டியலில் தகுணிச்சத்திற்கு 'ஆசில்' என்னும் அடை அமைந்திருப்பது இதற்குச் சான்றாகும். எனவே பூம்புகாரின் பழம்பெருமையைக் கொண்டு தவிலின் தொன்மையை நிறுவ முயல்வது தேவையற்றது. அருணகிரிநாதரின் திருப்புகழில் தவில் தன் பெயராலேயே பிற முழவுகளோடு இடம்பெறுகிறது.

பூம்புகாரைச் சூழ்ந்த திருவெண்காடு, செம்பொனார்கோயில், திருமுல்லைவாயில் ஆகிய ஊர்களின் பெயர்கள் நாகசுர, தவில் கலைஞர்களின் பெயர்களுக்கு முன்னொட்டாக விளங்குகின்றன. படுகையின் மேற்குப் பகுதியில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949), நாச்சியார்கோயில் இராகவப் பிள்ளை, வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை ஆகியோரால் தவில் வாசிப்பு தனிப்பெருங் கலையாக உயர்ந்தது. அம்மரபு கடல் கடந்து யாழ்ப்பாணத்திலும் தழைத்தது. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) அதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

வார்த்தவிலின் அமைப்பு

தவிலின் உடல் ஒரே பலாக்கட்டையைக் குடைந்து செய்யப்படுவது. நடுப்பகுதி பருத்தும் இருமுனைகள் சற்றுச் சிறுத்தும் இருக்கும். வலப்புற முகம் வலந்தலை எனவும் இடப்புற முகம் தொப்பி எனவும் வழங்கும். வலந்தலை மிக இறுக்கமாகவும் தொப்பி தளர்வாகவும் கட்டப்படுவதால் முன்னது கூர்மையான ஒலியையும் பின்னது ஆழ்ந்த ஒலியையும் எழுப்பும். வலந்தலையைக் கூடணிந்த விரல்களாலும் உள்ளங்கையாலும், தொப்பியைப் பூவரசங் கழியாலும் வாசிப்பர்.

பழைய முறையில், கட்டையின் வாயைவிட அகன்ற வளையம் ஒன்றில் தோல் பொருத்தப்படும். மூங்கிற் சிம்புகளை நாரால் வரிந்து கட்டி அவ்வளையத்தை ஆக்குவர். இருபுற வளையங்களையும் தோல்வார் மாறி மாறி இணைக்கும். கருவியின் நடுவே குறுக்காகச் சுற்றும் பட்டை, நீளவாட்டில் ஓடும் வார்களை ஒருங்கே அழுத்தி இறுக்கத்தைக் கூட்டும். ஓரிடத்தில் வாரை இழுத்தால் அதன் விளைவு அண்டையிலுள்ள வார்களிலும் பரவும். ஆகவே தவிலைப் பிடித்தல் என்பது முகம் முழுவதும் இறுக்கம் ஒருசீராகப் பரவும்படி வாரைச் சுற்றிச் சுற்றி இழுக்கும் வேலையாக இருந்தது. இதற்கு வலிமையும் பொறுமையும் செவி நுட்பமும் வேண்டும்.

படுகையின் தட்பவெப்பம் இவ்வேலையை மேலும் கடினமாக்கியது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் முகத்தோல் ஈரத்தை ஏற்றுத் தளரும். அதனை இழுத்துப் பிடிக்கும் வாரும் அவ்வாறே தளரும். பூம்புகார் போன்ற கடலோர ஊர்களில் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் உண்டு. மல்லாரியுடன் புறப்படும் சாமி நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வருவதற்குள் பனியில் நனைந்த கருவியின் ஒலி மாறிவிடும். நடைவழியில் வாரை அவிழ்த்து இறுக்க இயலாது. வெப்பங்காட்டித் தோலை உலர்த்துவதே உடனடி வழியாக இருந்தது.

திருகாணித் தவில்

புதிய அமைப்பில் மூங்கில் வளையத்தின் இடத்தை இரும்பு வளையமும், வாரின் இடத்தை உலோகக் கம்பிகளும் ஏற்றன. கம்பியின் முனையிலுள்ள மரையில் திருகாணியைப் பொருத்தித் திருகுசாவியால் முறுக்குவர். இதனால் விளைந்தவை மூன்று.

முதலாவது, இறுக்கும் உறுப்பு ஈரத்தால் தளர்வதில்லை. தோல் தளர்ந்தாலும் சில திருகுகளில் அதனைச் சரிசெய்யலாம். இரண்டாவது, ஒவ்வொரு திருகாணியும் தன் அருகிலுள்ள பகுதியையே முதன்மையாக இறுக்குவதால் முகத்தின் ஓரிடத்தை மட்டும் தனித்துத் திருத்த முடிகிறது. மூன்றாவது, வாரால் தாங்க இயலாத இறுக்கத்தை உலோகம் தாங்குகிறது. இறுக்கம் மிகுந்த தோலில் விரல் பட்டவுடன் மீண்டெழும். அடுத்தடுத்த சொற்கள் ஒன்றோடொன்று கலவாமல் தெளிவாக ஒலிக்கும். மேற்காலங்களில் விரைந்து செல்லும் கோர்வைகளுக்கு இத்தெளிவு இன்றியமையாதது.

வாசிப்புக் களமும் இக்காலத்தில் விரிந்தது. குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினோடு வலையப்பட்டி சுப்பிரமணியம் இணைந்து வாசித்த கச்சேரிகள், திறந்த வீதிக்கு உரியதெனக் கருதப்பட்ட தவிலை ஒலிவாங்கியின் முன் அமர்த்தின. வீதியில் நாகசுரத்தோடு ஒலிக்கையில் பொருட்படுத்தப்படாத சிறு ஒலிக்குறையும் அரங்கில் வெளிப்படையாகக் கேட்கும். விரைந்து திருத்தத்தக்க கருவியின் தேவை இத்தகைய சூழலில் மேலும் உணரப்பட்டது எனலாம்.

இழப்புகளும் இல்லாமல் இல்லை. உலோகம் கருவியின் எடையைக் கூட்டியது. நாடாவைத் தோளில் மாட்டி மணிக்கணக்காக நின்றும் நடந்தும் வாசிப்பவரின் கழுத்தும் தோளும் முதுகும் அச்சுமையை ஏற்கின்றன. கடலோர உப்புக்காற்றில் கம்பியும் மரையும் துருப்பிடிக்கும். மூங்கிலும் நாரும் வாரும் கொண்டு கட்டும் கைத்திறன், தேவை குறைந்தமையால் அருகி வருகிறது.

மேலை முழவுத் தொகுதியோடு ஓர் ஒப்பீடு

மேலை நாட்டு முழவுகளில் இம்மாற்றம் முன்னரே நிகழ்ந்தது. அங்குக் கயிற்றின் இடத்தை உலோகத் திருகாணி 19ஆம் நூற்றாண்டிலேயே பெற்றுவிட்டது. விலங்குத் தோலோ அதன் பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1950களின் பிற்பகுதியில்தான் பாலியெஸ்டர் படலத்தாலான முகங்கள் விற்பனைக்கு வந்தன. தவிலில் திருகாணி வந்த பின்னும் தோல் தொடர்கிறது. விரற்கூட்டின் அடியும் உள்ளங்கையின் அழுத்தமும் மாறி மாறிப் படும் வலந்தலையில், தோல் தரும் நாதம் வாசிப்பின் இலக்கணத்தோடு பிணைந்தது என்பதே இதற்குக் காரணமாகத் தோன்றுகிறது.

மற்றொரு வேறுபாடும் கருதத்தக்கது. 1909இல் லுட்விக் காப்புரிமை பெற்ற மிதிகட்டை, பெருமுரசைக் காலால் இயக்க வழிசெய்தது. 1940களில் லூயி பெல்சன் இரு பெருமுரசுகளைக் கையாண்டார். 1979இல் வெளிவந்த மோட்டார்ஹெட் குழுவின் 'ஓவர்கில்' பாடலில் இரு கால்களாலும் இடைவிடாது எழுப்பப்படும் முரசொலி, ஹெவி மெட்டல் இசையின் அடையாளங்களுள் ஒன்றாக நிலைபெற்றது. அவ்விசையில் முழவுக் கலைஞரின் வளர்ச்சி கருவிகளின் எண்ணிக்கை பெருகுவதாகவே பெரிதும் அமைந்தது. தவில் கலைஞரோ ஒரே கருவியின் இரு முகங்களுக்குள் நின்றார். வேகமும் வன்மையும் வேண்டியபோது கருவியைப் பெருக்காமல் இறுக்கத்தைப் பெருக்கினார். வீதியில் நடந்துகொண்டே வாசிக்க வேண்டிய கலைக்கு இதுவே இயலும் வழியாகும்.

மாறாதவை

விரற்கூடு இதற்குச் சிறந்த சான்று. துணிச் சுருளை மாவுப்பசையில் தோய்த்து விரலில் சுற்றி உலர்த்திக் கடினமாக்கும் முறை இன்றும் வழக்கில் உள்ளது. கூடு அவரவர் விரலின் அளவுக்கேற்ப அமைய வேண்டியது. ஒருவரது கூடு மற்றொருவருக்குப் பொருந்தாது. பூவரசங் கழியும் அவ்வாறே வாசிப்பவரின் பிடிக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்படுவது. சுருதிக்குத் துணைநின்ற ஒத்து பெரும்பாலும் மின்னணுச் சுருதிப்பெட்டிக்கு இடம் கொடுத்துவிட்டதையும் இங்கு ஒப்புநோக்கலாம். வாசிப்பவரின் உடலோடு நேரே தொடர்புடைய உறுப்புகள் நிலைத்துள்ளன. உடலிலிருந்து விலகி நின்று துணைசெய்தவையே மாறியுள்ளன.

முடிவுரை

தவிலின் மாற்றம் மரபின் சிதைவும் அன்று. வெறும் தொழில்நுட்ப முன்னேற்றமும் அன்று. ஈரமிகுந்த நிலத்தில், நீண்ட நேரம் நடந்து வாசிக்கும் கலைஞர், தமக்கு இடராக இருந்த ஓர் உறுப்பை மட்டும் மாற்றி, ஒலிக்கு அடிப்படையான உறுப்புகளைக் காத்துக்கொண்டதன் விளைவு அது. அதற்கு ஈடாக அவர் தோளில் சுமை கூடியது. வார் பிடிக்கும் கைத்திறன் அருகியது.

பண்டை உரையாசிரியர் கருவிகளின் பெயரையும் வகையையும் நமக்கு வைத்துச் சென்றனர். அக்கருவிகள் எவ்வாறு கட்டப்பட்டன என்பதை அப்பட்டியலைக் கொண்டு அறிய இயலவில்லை. அதே குறை தவிலுக்கும் நேர்தல் ஆகாது. வார்த்தவிலைக் கட்டவும் பிடிக்கவும் அறிந்த மூத்த கலைஞர்களையும் கைவினைஞர்களையும் அணுகி, கட்டும் முறையைப் படிநிலை வாரியாகக் காணொளியிலும் அளவுகளோடு எழுத்திலும் ஆவணப்படுத்துவது உடனடித் தேவையாகும். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளும் பல்கலைக்கழக இசைத்துறைகளும் இணைந்து இப்பணியை மேற்கொள்ளலாம். வார்த்தவிலையும் திருகாணித் தவிலையும் ஒரே கலைஞர் வாசிக்க, அவ்வொலிகளைப் பதிவுசெய்து ஒப்பிடும் ஆய்வு, இக்கட்டுரை கூறும் கருத்துகளைச் சோதித்தறியவும் துணைபுரியும்.