கணினிக்குப் பேச வரும். ஏற்ற இறக்கம் வருமா?

1939-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் கூட்டத்தை இழுத்த பொருள்களில் ஒன்று, பேசும் மேசை. பெல் ஆய்வகத்தின் ஹோமர் டட்லி வடிவமைத்த அந்தக் கருவிக்கு 'வோடர்' என்று பெயர். அதன் முன் ஒரு பெண் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசிப்பதுபோல் விசைகளை அழுத்துவார். ஒலிபெருக்கியில் ஆங்கிலம் கேட்கும். விரல்களுக்குப் பத்து விசைகள். மணிக்கட்டுக்கு ஒரு பட்டை: குரல்நாணின் ரீங்காரம் வேண்டுமா, 'ஸ்' போன்ற சீறல் வேண்டுமா என்பதை அது தீர்மானிக்கும். காலுக்கு ஒரு மிதிகட்டை: சுருதியை ஏற்றி இறக்குவது அதன் வேலை. இதைச் சரளமாக இயக்க ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சி தேவைப்பட்டது.

வோடரின் செயல்விளக்கத்தில் ஒரு கட்டம் இன்றைக்கும் கேட்கத் தக்கது. 'அவள் என்னைப் பார்த்தாள்' என்று ஆங்கிலத்தில் மூன்று சொல். "யார் பார்த்தது?" என்று அறிவிப்பாளர் கேட்டால், இயந்திரம் 'அவள்' என்பதைத் தூக்கிச் சொல்லும். "யாரைப் பார்த்தாள்?" என்றால் 'என்னை' எழும்பும். "பார்த்தாளா, கேட்டாளா?" என்றால் 'பார்த்தாள்' அழுத்தம் பெறும். எழுதிப் பார்த்தால் மூன்று பதிலும் ஒன்றே. கேள்வியைக் காதில் வாங்கி, எந்தச் சொல்லில் மிதிக்க வேண்டும் என்று தெரிந்து மிதித்தது அந்தப் பெண்ணின் கால். விசைகளின் வேலையைக் கணினி எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. காலின் வேலைதான் இன்னும் இழுபறி.

தமிழுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. ஆங்கிலம் தொனியில் வைப்பதை நாம் பெரும்பாலும் ஒட்டில் வைத்துவிடுகிறோம்: அவள்தான் பார்த்தாள்; என்னைத்தான் பார்த்தாள்; பார்க்கத்தான் செய்தாள். அழுத்தம் எங்கே என்று எழுத்திலேயே இருப்பதால் கணினிக்கு ஒரு பிடி கிடைக்கிறது. பேச்சுமொழியில் இறங்கியதும் சலுகை தீர்ந்துவிடும். "சாப்பிட்டாச்சு" என்பது பதிலா, கேள்வியா? கடைசி அசையில் சுருதி ஏறினால் கேள்வி, இறங்கினால் பதில். "பெரிய ஆளுதான் நீங்க" என்பதைப் பாராட்டாகவும் சொல்லலாம், குத்தலாகவும் சொல்லலாம். எழுத்து எதையும் காட்டிக்கொடுக்காது.

எழுத்து ஒன்று, ஒலி வேறு

தொனிக்குப் போகும் முன்னால், ஒலியே ஒரு மேடு. உரையை வாசிக்கும் மென்பொருள் முதலில் எழுத்தை ஒலிக்குறிகளாக மாற்ற வேண்டும். தமிழில் ஒரே ககரம் 'பக்கம்' என்பதில் ஒரு மாதிரி, 'பங்கு' என்பதில் ஒரு மாதிரி, 'பகல்' என்பதில் இன்னொரு மாதிரி ஒலிக்கிறது. இதற்கு விதி இருக்கிறது. இரட்டித்தால் வல்லோசை, மெல்லினத்தை அடுத்து வந்தால் அதிர்வோசை, இரண்டு உயிர்களுக்கு நடுவில் வந்தால் தளர்ந்த ஓசை. விதி இருந்தால் கணினிக்குக் கொண்டாட்டம். ஆனால் 'காந்தி'யின் முதல் ஒலியும் 'காற்றி'ன் முதல் ஒலியும் ஒன்றல்ல; 'கோபி'யும் 'கோப'மும் அப்படியே. "தலைக்கு மேலே பேன் ஓடுது" என்ற வாக்கியத்தில் ஓடுவது மின்விசிறியா, தலையில் ஊரும் பூச்சியா? "பீஸ் கட்டியாச்சா?" என்பதில் பள்ளிக் கட்டணம் இருக்கிறது என்று நமக்குத் தெரியும், மென்பொருளுக்கு அகராதியில் எழுதிவைக்க வேண்டும், அல்லது சுற்றியுள்ள சொற்களைப் பார்த்து ஊகிக்கக் கற்றுத்தர வேண்டும். எண்களும் இப்படித்தான். ரூ.1,50,000 என்பதை 'ஒன்றரை லட்சம்' என்று சொல்வதா, இலக்கம் இலக்கமாகப் படிப்பதா என்பது இடத்தைப் பொறுத்தது.

இந்தப் பாடுகளை இந்திய மொழிகளுக்காகப் பல ஆண்டுகள் பட்டவர்கள் இருக்கிறார்கள். சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தியின் தலைமையில் பல கல்வி நிறுவனங்கள் கூட்டாக வேலைசெய்து, இந்திய மொழிகளுக்குப் பொதுவான ஒலிக்குறிகளை வகுத்து, பல மொழிகளுக்குக் குரல் கொடுத்தன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணனின் குழு தமிழுக்கும் கன்னடத்துக்கும் வாசிப்புக் குரல் செய்தது. பார்வையற்ற மாணவர்கள் பாடப்புத்தகத்தைத் தாங்களே கேட்டுப் படிக்க முடிவதற்குப் பின்னால் இத்தகைய உழைப்பு இருக்கிறது.

சராசரிக் குரலின் சோர்வு

பழைய கணினிக் குரல் ஏன் தட்டையாக இருந்தது என்பதற்குப் பதில் எளிது: அதை மனிதர் எழுதிய விதிகள் ஓட்டின. எம்ஐடியின் டெனிஸ் கிளாட் வருடக்கணக்கில் விதிகளைச் செதுக்கினார். அவற்றின் அடிப்படையில் 1984-இல் 'டெக்டாக்' என்ற பேசும் கருவி விற்பனைக்கு வந்தது. ஸ்டீபன் ஹாக்கிங்கின் குரல் என்று உலகம் அறிந்தது, கிளாட் தன் சொந்தக் குரலை மாதிரியாக வைத்து உருவாக்கியதன் வாரிசு. இன்னும் இயல்பான குரல்கள் வந்த பிறகும் ஹாக்கிங் அதை மாற்றிக்கொள்ளவில்லை. 1989-இல் எம்ஐடியில் ஜேனட் கான் என்ற மாணவி, டெக்டாக்கின் சுருதி, வேகம், இடைநிறுத்தம், மூச்சுக்காற்று ஆகியவற்றைத் திருகி அதற்குக் கோபத்தையும் மகிழ்ச்சியையும் வரவழைக்க முயன்றார். கேட்டவர்கள் மிகச் சரியாக அடையாளம் கண்டது சோகத்தைத்தான். மெதுவாக, தாழ்ந்த குரலில் பேசினாலே சோகம் வந்துவிடும். மற்ற உணர்ச்சிகள் அவ்வளவு மலிவாக வருவதில்லை.

புதிய கணினிக் குரலின் தட்டைக்குக் காரணம் வேறு. 2016-இல் டீப்மைண்ட் வெளியிட்ட 'வேவ்நெட்' விநாடிக்கு 16,000 ஒலிப்புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கணித்துக் குரலை உருவாக்கியது, கரகரப்பு போயிற்று. அடுத்து வந்த கூகுளின் 'டாக்கோட்ரான் 2' வாசித்ததைக் கேட்டவர்கள் ஐந்துக்கு 4.53 மதிப்பெண் கொடுத்தார்கள். தொழில்முறை வாசிப்பாளரின் பதிவுக்குக் கிடைத்தது 4.58. இந்த எண்ணைப் பார்த்துக் கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. அந்தத் தேர்வில் இருந்தவை தனித்தனி வாக்கியங்கள். ஒரு கதையைத் தொடர்ந்து பத்து நிமிடம் கேட்டால்தான் வண்டவாளம் தெரியும்.

காரணம் இதுதான். ஒரே வாக்கியத்தைப் பலர் பல விதமாக வாசிப்பார்கள், எல்லாமே சரி. பதிவில் இருப்பதற்கும் தான் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைக் குறைப்பதே இயந்திரம் கற்கும் முறை. பல சரியான பதில்கள் இருந்தால், யாரிடமும் அதிகம் பிழைபடாத நடுவழியில் அது நின்றுகொள்ளும். யாரும் பேசாத அந்த நடுவழிதான் நாம் கேட்கும் வாடிக்கையாளர் சேவைக் குரல். எழுத்தில் இல்லாத தகவலை எழுத்திலிருந்து கறக்க முடியாது. வேறு எங்கிருந்தாவது கொடுக்க வேண்டும். இங்கே சுருதியை ஏற்று, அங்கே நிறுத்து என்று வாசகத்துக்குள்ளேயே குறியிட்டுத் தருவது ஒரு வழி. அந்தக் குறியீட்டு மொழிக்கு 2004-லேயே உலகளாவிய தரம் வந்துவிட்டது. யார் உட்கார்ந்து வரிக்கு வரி குறியிடுவது? 2018-இல் கூகுள் ஆய்வாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். உணர்ச்சியின் பெயர் எதையும் சொல்லாமல், பயிற்சிக் குரலில் உள்ள வேறுபாடுகளைப் பத்துப் பாணிகளாகக் கணினியே பிரித்துக்கொள்ளும்படி விட்டார்கள். பிறகு ஒரு மாதிரிப் பதிவைக் காட்டி, 'இந்தப் பாணியில் இதை வாசி' என்று கேட்கலாம்.

தமிழுக்கும் இந்த வரிசையில் இடம் கிடைத்திருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 'ரசா' என்ற குரல் தொகுப்பை 2024-இல் வெளியிட்டது. தமிழ், வங்காளம், அசாமியம் ஆகிய மூன்று மொழிகளில், மொழிக்குப் பத்து மணி நேரம் இயல்பான வாசிப்பு. அதற்கு மேல் ஆறு உணர்ச்சிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் மூன்று மணி நேரம். கோபம், மகிழ்ச்சி, சோகம், பயம், அருவருப்பு, வியப்பு என்ற அந்த ஆறும் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் வகுத்தவை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை வைத்து ஒப்பிட்டால் ஆறும் வெகுளி, உவகை, அழுகை, அச்சம், இளிவரல், மருட்கை என்று அப்படியே பொருந்துகின்றன. தொல்காப்பியர் சொன்ன எட்டில் மீதி இரண்டு, நகையும் பெருமிதமும். வீட்டில் நடக்கும் பேச்சில் அந்த இரண்டுக்குத்தான் அதிக வேலை என்பது என் கணிப்பு. கேலி, பெருமையடித்தல், செல்லக் கோபம், மழுப்பல் இவை இல்லாமல் தமிழில் ஒரு தொலைபேசி உரையாடலை நடத்திப் பாருங்கள்.

எல்லாரும் பாவம் ததும்பும் குரலைத்தான் விரும்புகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. திரைவாசிப்பு மென்பொருளைப் பழகிய பார்வையற்றவர்களில் பலர், குரலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள். அந்த வேகத்தில் நடிப்பு ஒரு தொந்தரவு. பழைய உலோகக் குரலே தெளிவாகக் கேட்கும் என்பது அவர்களின் அனுபவம்.

காது கொடுக்கும் இயந்திரம்

உச்சரிப்பைத் திருத்தும் மென்பொருள் இதே நுட்பத்தின் மறுபக்கம். அங்கே எழுத்து உள்ளே போய் ஒலி வெளியே வந்தது. இங்கே எழுத்தும் ஒலியும் உள்ளே போகும். மதிப்பெண் வெளியே வரும்.

ஒரு குழந்தை 'வாழைப்பழம்' என்று வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒரு விநாடி ஒலியைக் கணினி பத்து மில்லிவிநாடிக்கு ஒன்றாக நூறு துண்டுகள் போடும். சொல் என்ன என்பது முன்பே தெரியும் என்பதால் எந்தத் துண்டு வகரம், எந்தத் துண்டு ஆகாரம் என்று வரிசையாகப் பொருத்தும். ழகரத்துக்கு உரிய ஏழெட்டுத் துண்டுகள் வந்ததும் இரண்டு கேள்வி. இது ழகரமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? எந்த ஒலியாக வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால், அதிகம் பொருந்துவது எது? இரண்டு விடையும் ஒன்றானால் முழு மதிப்பெண். ளகரம் முந்திக்கொண்டால், முந்திய தூரத்துக்கு ஏற்பக் குறையும். கேம்பிரிட்ஜில் சில்கே விட், ஸ்டீவ் யங் இருவரும் 2000-இல் விவரித்த முறை இது. அதற்குப் பிறகு வந்த பல செயலிகளின் அடியில் இதன் சாயல் இருக்கிறது.

'ழ: 62' என்று திரையில் வந்தால் குழந்தை என்ன செய்யும்? இன்னும் சத்தமாகச் சொல்லும். ஆசிரியர் சொல்வது வேறு: நாக்கு நுனியை மேலே வளை, ஆனால் எங்கும் தொடாதே, தொட்டால் ளகரமாகிவிடும். இந்த வழிகாட்டல்தான் பயிற்சியின் உயிர். தொலைபேசியைத் தந்த கிரகாம் பெல்லின் தந்தை, நாக்கும் உதடும் நிற்கும் நிலையைக் காட்டும் எழுத்து முறையை 1867-இலேயே வெளியிட்டார். மகன் அதைக்கொண்டு காதுகேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்தார். பிற்காலத்தில் கலிபோர்னியாவின் டொமினிக் மசாரோ 'பால்டி' என்ற கணினித் தலையை உருவாக்கி, கன்னத்தைக் கண்ணாடியாக்கி, உள்ளே நாக்கு அசைவதைக் காட்டினார். ஓரிகன் மாநிலத்தில் காதுகேளாத குழந்தைகளின் பள்ளியில் அது பாடம் நடத்தியது.

பேசும் பக்கமும் கேட்கும் பக்கமும் ஒன்றுக்கொன்று உதவும் இடமும் உண்டு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தினர் கற்பவரின் சொந்தக் குரலையே எடுத்து, உச்சரிப்பை மட்டும் திருத்தி, அவருக்கே திருப்பிக் கேட்க வைக்கிறார்கள். வேறொருவரைப் பின்பற்றுவதைவிடத் தன் குரலைப் பின்பற்றுவது எளிது என்பது இதன் எண்ணம். அதேசமயம், 1991-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆங்கில 'ர', 'ல' வேறுபாட்டைப் பிடிக்க முடியாத ஜப்பானியர்களுக்குப் பல குரல்களில் பயிற்சி கொடுத்தபோது காது திருந்தியதைக் காட்டியது. ஒரே செயலியில் ஒரே இனிய குரலை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். ஐம்பது குரல்களை உற்பத்தி செய்வது இப்போது கடினமான காரியமில்லை.

தமிழில் யாருடைய உச்சரிப்பை அளவுகோலாக வைப்பது என்பது வழக்கில் முடியக்கூடிய கேள்வி. யாழ்ப்பாணத்துக் குழந்தை 'காற்று' என்று சொல்லும்போது றகர இரட்டை, ஆங்கில 'ட'வுக்குப் பக்கத்தில், நுனிநாக்கு மேல் ஈறில் தட்டும் ஓசையாக வரும். அது பழைய ஓசை; தமிழ்நாட்டில்தான் அது நழுவிப் போனது. சென்னை ஸ்டூடியோவில் பதிவான குரலை மட்டும் கேட்டு வளர்ந்த மென்பொருள் அதற்குக் குறைந்த மதிப்பெண்தான் போடும். ழகரத்தை ளகரமாகச் சொல்லும் தென்மாவட்டத்துக்காரரையும் அது ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கும். கேட்பவருக்குப் புரிகிறதா என்பதையே முதல் அளவாக வைக்க வேண்டும் என்பேன். செய்தி வாசிக்கப் போகிறவருக்கு வேண்டுமானால் ழகரத் தேர்வைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

புரிதலே அளவு என்றால், புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்க வேண்டியது ழகரம் அல்ல, மாத்திரை. 'கல்', 'கால்', 'படு', 'பட்டு', 'பாட்டு'. 'வாழை' 'வாளை' ஆனாலும் கடைக்காரர் பழத்தை எடுத்துத் தருவார். 'பாட்டு' 'பட்டு' ஆனால் பொருளே மாறிவிடும். ஒலியின் நிறத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் முறைக்கு, ஒலியின் நீளத்தைத் தனியாக அளந்து காட்டத் தெரிய வேண்டும்.

இங்கேதான் பாவமும் உச்சரிப்பும் மோதிக்கொள்கின்றன. தமிழில் நாம் உணர்ச்சியைக் காட்டுவதும் நீட்டித்தான். 'பெரீய வீடு', 'எவ்ளோஓ கூட்டம்', தெருமுனையிலிருந்து கூப்பிடும் 'தம்பீ'. இலக்கணம் அளபெடை என்றும் விளி என்றும் இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. மனிதக் காது குழம்புவதில்லை: நீளும் உயிரோடு சுருதியும் எழும்பும், பக்கத்து அசைகள் இருந்த அளவிலேயே இருக்கும். பேசும் மென்பொருளுக்கு எதை நீட்டினால் உணர்ச்சி, எதை நீட்டினால் வேறு சொல் என்று தெரிய வேண்டும். திருத்தும் மென்பொருளுக்கும் அதே தெரிய வேண்டும். ஒரே ஆள் ஒரே வாக்கியத்தைச் சாதாரணமாகவும் நீட்டி முழக்கியும் பேசிய பதிவுகள், மதுரையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் குவிந்தால் இரண்டும் சேர்ந்தே கற்றுக்கொள்ளும். அதுவரை 'பெரீய வீடு' என்று கண்ணை விரித்துச் சொல்லும் குழந்தைக்குக் குறில் பிழை என்று மதிப்பெண் குறையும்.