கார் சாவியைத் திருப்பியும் என்ஜின் இயங்கவில்லையா? ‘இம்மொபைலைசர்’ காரணமாக இருக்கலாம்

ரிமோட்டை அழுத்தினால் கார் கதவு திறக்கிறது, விளக்குகளும் எரிகின்றன. ஆனால், சாவியைத் திருப்பினால் என்ஜின் மட்டும் இயங்க மறுக்கிறது. திருட்டைத் தடுப்பதற்கான ‘இம்மொபைலைசர்’ அமைப்பு, உரிமையாளரின் சாவியையே அடையாளம் காணத் தவறியது இதற்குக் காரணமாக இருக்கலாம்.

செயல்படும் விதம்

சாவியின் பிளாஸ்டிக் உறைக்குள் ‘டிரான்ஸ்பாண்டர்’ எனப்படும் சிறிய சிப் உள்ளது. ரிமோட்டுக்குப் பேட்டரி தேவை. இந்த சிப்புக்குத் தேவையில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் உருவாக்கும் காந்தப்புலத்திலிருந்தே அது மின்னாற்றலைப் பெற்று, தனது குறியீட்டை அனுப்புகிறது. காரில் பதிவாகியுள்ள குறியீட்டுடன் அது பொருந்தினால் மட்டுமே என்ஜின் தொடர்ந்து இயங்கும். எனவே, ரிமோட் வேலை செய்வதால் மட்டும் சிப் நல்ல நிலையில் உள்ளதாகக் கருத முடியாது.

கண்டறிவது எப்படி?

ஓட்டுநர் முன் உள்ள தகவல் பலகையில் கார் அல்லது சாவி வடிவ விளக்கு தொடர்ந்து மின்னினால், இம்மொபைலைசர் கோளாறு எனச் சந்தேகிக்கலாம். முதலில், வளையத்தில் உள்ள பிற சாவிகளையும் உலோகப் பொருள்களையும் அகற்றிவிட்டு முயல வேண்டும். அடுத்து, இரண்டாவது சாவியைப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதில் என்ஜின் இயங்கினால், கோளாறு முதல் சாவியில் உள்ளது. இரண்டிலும் இயங்காவிட்டால் கார் பேட்டரி, கம்பிச்சுருள், மின் இணைப்புகள் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும்.

பொத்தானை அழுத்தி இயக்கும் கார்களில் சாவியின் பேட்டரி தீர்ந்திருந்தால், பல மாடல்களில் சாவியை அந்தப் பொத்தானை ஒட்டிப் பிடித்து என்ஜினை இயக்கலாம். சரியான இடம் காரின் கையேட்டில் குறிப்பிடப்பட்டிருக்கும்.

கவனிக்க வேண்டியவை

உடைந்த உறையை மாற்றும்போது, அரிசிமணி அளவே உள்ள சிப் பழைய உறையிலேயே தங்கிவிடுவது உண்டு. உறையை வீசுவதற்கு முன் அதைச் சரிபார்ப்பது அவசியம். மாற்றுச் சாவி செய்யும்போதும், உலோகப் பகுதியை வெட்டினால் மட்டும் போதாது. சிப்பைக் காரில் பதிவு செய்ய வேண்டும்.

ஒரு சாவி தொலைந்தால், அதன் பதிவைக் காரின் நினைவகத்திலிருந்து நீக்குவது பாதுகாப்பானது. கார் திருடுபோனால், இழப்பீடு கோரும்போது காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாக இரு சாவிகளையும் கேட்கின்றன. எனவே, சாவி தொலைந்ததுமே காவல் துறையிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிப்பது நல்லது.